ஒரே விடை சொல்லும் கம்ப்யூட்டர்

சந்தேகம் என்கூடவே பிறந்தது. ஆட்டோக்காரர் வழக்கமான தெருவில் திரும்பாமல் அடுத்த தெருவில் திரும்பினால் எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும். வீட்டுக்காரர் போனில் "கிளம்பிட்டேன்" என்று சொன்னால், பின்னால் என்ன சத்தம் கேட்கிறது என்று காதைத் தீட்டுவேன். "போலீஸ் வேலைக்குப் போகவேண்டிய ஆளு, வழி தப்பி கணக்குப் பக்கம் வந்துட்ட" என்பார் அவர். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்தச் சிரிப்பையும் நான் முழுசாக நம்புவதில்லை.

என் வேலைக்கு இந்தப் புத்தி தேவைதான். மதுரை கே.கே. நகரில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு மேஜை, இரண்டு கம்ப்யூட்டர், எந்நேரமும் முனகுகிற ஒரு ஃபேன். அதுதான் என் ஆபீஸ். ஆராய்ச்சி மாணவர்களும், மேற்படிப்பு படிக்கிற டாக்டர்களும் அவர்கள் திரட்டிய டேட்டாவைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் புள்ளியியல் கணக்குப் போட்டு, இதில் விஷயம் இருக்கிறது, இதில் ஒன்றும் இல்லை என்று சொல்லி அனுப்புவேன். வருகிறவர்களில் சிலர் வீட்டில் உட்கார்ந்தே நோயாளிகளை உண்டாக்கி எழுதிவிடுவார்கள். அந்த மாதிரி டேட்டா பார்க்க அம்புட்டு அழகாக இருக்கும். ஒரு கட்டம் காலி இருக்காது, ஒருத்தர்கூடப் பாதியில் ஊருக்குப் போயிருக்க மாட்டார். அழுக்கில்லாத டேட்டாவைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

அந்தப் பிள்ளை வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறிய நேரம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு ஊர். வீட்டில் மானாவாரிக் காடு, ரெண்டு மாடு, பத்திருபது உருப்படி ஆடு. கால்நடைத் துறையில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஜவுளிக்கடைக் கட்டைப் பைக்குள் துண்டில் சுற்றிய லேப்டாப்போடு படியேறி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நின்றாள்.

"அக்கா, நீங்க யாரையும் லேசுல நம்ப மாட்டீங்கன்னு சொன்னாங்க. அதான் உங்ககிட்ட வந்தேன்."

இப்படி ஒரு சிபாரிசை நான் கேட்டதே இல்லை. உள்ளே வரச் சொன்னேன்.

விஷயம் இதுதான். கருவேலங்காயைத் தீவனமாகக் கொடுத்தால் ஆடுகளுக்கு எடை கூடுகிறதா என்று பார்ப்பது அவளுடைய ஆராய்ச்சி. உசிலம்பட்டிக்கும் பேரையூருக்கும் இடையில் ஏழெட்டு கிராமம் எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு ஊரிலும் கொஞ்சம் ஆடுகளுக்குக் காய், கொஞ்சம் ஆடுகளுக்கு வழக்கமான மேய்ச்சல் மட்டும். அவ்வப்போது போய் எடை பார்த்து எழுதி, எல்லாவற்றையும் இலவசமாகக் கிடைக்கிற ஒரு புள்ளியியல் மென்பொருளில் ஏற்றி, அதற்குள் ஒரு பேக்கேஜை, அதாவது யாரோ எழுதிவைத்த ஆயத்தக் கணக்குத் தொகுப்பை, கூப்பிட்டுக் கணக்குப் போட்டாள். நல்ல விடை வந்தது. எழுதி, கைடு பேராசிரியரிடம் கொடுத்தாள். அவர் அதே டேட்டாவை, அதே கட்டளைகளோடு தன் கம்ப்யூட்டரில் ஓட்டினார். வேறு விடை வந்தது.

"ஒரு தடவ இல்லக்கா. சார் ரெண்டு மூணு நாள் ஓட்டிப் பாத்துட்டாரு. அவருக்கு ஒரே விடைதான் வருது. என்னோடது மட்டும்தான் வேற."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். துறை ஹாலில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, "ஆட்டு எடையத் திருத்திக் கொண்டாந்திருக்கு. நம்ம துறையிலயே ஒரு திருடிய உக்கார வச்சுச் சோறு போட்டிருக்கோம்" என்றாராம். ஒருவர்கூட டீ டம்ளரைக் கீழே வைக்கவில்லையாம். வருகிற திங்கள்கிழமைக்குள் உண்மையான கணக்கோடு வரவேண்டும், இல்லாவிட்டால் அவளுடைய பட்டப் பதிவை ரத்து செய்யச் சொல்லி எழுதிவிடுவேன் என்று கெடு வேறு.

"பதிவு போனாப் போகுதுக்கா. ஏதாச்சும் வேல பாத்துப் பொழச்சுக்கிருவேன். திருடின்னு பேர் வாங்கிக்கிட்டு எங்க வீட்டு வாசல்ல எப்படிக்கா கால வைக்கிறது?"

எனக்கு முதல் சந்தேகம் அவள் மேல்தான். வேறு யார் மேல் வரும்? கண்ணீரை நான் சாட்சியாக எடுத்துக்கொள்வது கிடையாது. என் மேஜைக்கு முன்னால் நன்றாக அழுத டாக்டர்கள் இருக்கிறார்கள். அவளை ஸ்டூலில் உட்காரச் சொல்லிவிட்டு டேட்டாவைத் திறந்தேன்.

அழுக்கு என்றால் அப்படி ஒரு அழுக்கு. பாதிக் கட்டம் காலி. ஓரத்தில் குறிப்புகள்: "சந்தையில் விற்றாச்சு." "கோயில் கிடா, வெட்டியாச்சு." "நாய் கடித்துவிட்டது." "வீட்டில் ஆள் இல்லை, எல்லாரும் துக்கத்துக்குப் போய்விட்டார்கள்." பொய் டேட்டாவில் ஆடுகள் சாகாது, சுவாமிக்கும் போகாது. இதைப் பார்த்ததும் அவள் மேல் இருந்த சந்தேகம் பாதி இறங்கியது. மீதிக்கு ஒரு போன் போட்டேன். பேரையூர்ப் பக்கத்து ஆட்டுக்காரர் ஒருவரின் நம்பரை அவளிடம் வாங்கி, ஸ்பீக்கரில் போட்டு, அவளை வாய் திறக்கக் கூடாது என்று சைகை காட்டினேன்.

"அண்ணே, ஆட்டுக்கு எடை பாக்க ஒரு பிள்ள வந்துச்சாமே, அது விஷயமாப் பேசுறேன்."

"நீங்க யாரு தாயி? லோன் ஆபீசா? எங்கிட்ட அம்புட்டு ஆடு கெடையாது."

என்னைவிடச் சந்தேகப் பிராணியாக இருந்தார். லோன் இல்லை, வரி இல்லை, இன்சூரன்ஸ் இல்லை என்று சத்தியம் பண்ணி முடிப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கடைசியில் இறங்கி வந்தார். "அந்தப் பிள்ளயா? விடியுமுன்னாடியே வந்து நிக்கும் தாயி. மேஞ்சுட்டு வந்தா வயிறு பொய் சொல்லும், வெறும் வயித்துலதான் தூக்கணும்னு அடம் பிடிக்கும். கொக்கித் தராச அதுவே சொமந்துட்டு வரும். எங்க மூக்குத்தி ஆடு அது துப்பட்டாவையே தின்னுபோட்டுச்சு."

ஸ்டூலில் இருந்தவள் துப்பட்டா நுனியை எடுத்துக் காட்டினாள். கடித்த தடம் இருந்தது. சரி, எடை உண்மை. அப்படியானால் பொய் வேறு எங்கேயோ இருக்கிறது. எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. இந்த மாதிரி நேரத்தில்தான் நான் காபி போட்டுக் குடிப்பேன். அவளுக்கும் கொடுத்தேன்.

அவள் லேப்டாப்பில் கணக்கை ஓட்டச் சொன்னேன். விடை வந்தது. மறுபடியும் ஓட்டச் சொன்னேன். முதலில் வந்ததற்கும் இதற்கும் கொஞ்சம் வித்தியாசம். இன்னொரு தடவை. அதுவும் வேறு.

"நீ இதப் பாக்கவே இல்லையா?"

"ஒரு தடவ ஓட்டி, நல்லா வந்துச்சுன்னு எழுதிட்டேன்க்கா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நல்ல விடை வந்துவிட்டால் யாருமே மறுபடி கேட்பதில்லை. கெட்ட விடை வந்தால் மட்டும் பத்துத் தடவை ஓட்டுவார்கள். "இம்புட்டு ஆட்ட வெறும் வயித்துல தூக்கி நிறுத்தத் தெரியுது, விடைய ரெண்டாவது தடவ பாக்கத் தெரியலையா?" என்று சத்தம் போட்டேன்.

சில கணக்குகள் உள்ளுக்குள் சீட்டுக் குலுக்கிப் போடும், அதனால் விடை மாறும். இது அந்த வகை இல்லை என்று சரிபார்த்தேன். என் கம்ப்யூட்டரில் ஓட்டினேன். என்னுடையதிலும் மாறியது, ஆனால் அவளுடையது மாதிரி இல்லை, வேறு விதமாக. ஆக, அந்தப் பிள்ளை குற்றவாளி இல்லை. லேப்டாப்பும் இல்லை. பேக்கேஜ்தான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். இந்த மாதிரிப் பேக்கேஜ்களில் நாம் கண்ணால் பார்க்கிறது மேல்பூச்சு மாதிரிதான். பாரமான கூட்டல் கழித்தல் எல்லாம் உள்ளே ஃபோர்ட்ரான் என்கிற பழைய கணினி மொழியில் எழுதியிருக்கும். வேகத்துக்காக வைத்திருக்கிறார்கள். அதை கம்பைலர் என்கிற ஒரு புரோகிராம் மெஷினுக்குப் புரிகிற மாதிரி மாற்றி அரைத்துக் கொடுத்துவிடும். அரைத்ததைத்தான் நாம் டவுன்லோடு பண்ணுகிறோம். அரைத்த மசாலாவில் என்னென்ன போட்டார்கள் என்று பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது. எனவே அரைப்பதற்கு முன்னால் இருந்த மூலத்தைத் தேடி இறக்கினேன்.

எல்லாம் பெரிய எழுத்தில், ஒவ்வொரு வரியும் இடது பக்கம் இடம் விட்டு, முக்கால்வாசி ஒன்றிரண்டு எழுத்துப் பெயர்களாக இருந்தது. எழுதியவர் எந்த தேசத்துக்காரரோ, இப்போது இருக்கிறாரோ இல்லையோ. விளக்கமாக ஒரு வரி எழுதிவைத்தால் கை தேய்ந்துவிடுமா என்று திட்டிக்கொண்டே படித்தேன். ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியாக அந்த ஃபோர்ட்ரான் பகுதி ஒரு தடவை ஓடும். அந்த ஊர் ஆடுகளைக் கூட்டிக் கழித்து ஒரு விடை தரும். அடுத்த ஊர் வரும். அம்புட்டுதான் வேலை.

நடுவில் என்ன நடக்கிறது என்று பார்க்க, கூட்டுத்தொகையைத் திரையில் காட்டு என்று ஒரு வரி சேர்த்து, கம்பைல் செய்து, மென்பொருளை மூடித் திறந்தேன். ஓட்டினேன். ஒரு விடை வந்தது. மறுபடி ஓட்டினேன். மாறவில்லை! எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே விடை. சரி, சரியாகிவிட்டது போல என்று அந்த வரியை எடுத்தேன். பழையபடி ஆட ஆரம்பித்தது. திரும்ப வரியைச் சேர்த்தால் கையைக் கட்டி நிற்கிறது. நான் பார்த்தால் யோக்கியம், திரும்பிக்கொண்டால் திருட்டு. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மனுசனிடம் பார்த்திருக்கிறேன் இந்தப் புத்தியை, மெஷினுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

அடுத்த நாளும் அவள் வந்தாள். நான் சந்தேகப்பட்ட இடத்தையெல்லாம் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மாற்றியது எதுவும் விடையில் தெரியவே இல்லை. கூட்டலுக்குப் பதில் வேண்டுமென்றே கழித்தல் போட்டேன், அப்போதும் விடை பழைய மாதிரியேதான் ஆடியது. பைத்தியம் பிடிக்காத குறை. மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் உறைத்தது. நான் மூலத்தைத் திருத்திக்கொண்டே இருக்கிறேன், ஓடிக்கொண்டிருப்பதோ முந்தின நாள் அரைத்து வைத்த பழைய மாவு! அன்றைக்கு மென்பொருளை மூடித் திறக்க மறந்ததால் அது புதிதாக கம்பைல் செய்ததை எடுத்துக்கொள்ளவே இல்லை. இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் ஒரு நாளாவது இது நடக்கும். இருபது வருசம் ஆனாலும் நடக்கும். எனக்கே நடந்ததால்தான் இவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறேன்.

"ஏன்க்கா சிரிக்கிறீங்க?"

"என் தலையெழுத்த நெனச்சு."

அதற்குப் பிறகு ஒழுங்காக வேலையைச் செய்தேன். கம்பைலருக்கும் சந்தேகப்படத் தெரியும், ஆனால் கேட்டால்தான் வாயைத் திறக்கும். பேக்கேஜ்காரர்கள் எச்சரிக்கைகளையெல்லாம் அடக்கி வைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் திறந்துவிட்டு மறுபடி கம்பைல் செய்தேன். திரை முழுக்கப் புலம்பல். உப்புச் சப்பில்லாத புலம்பல்களுக்கு நடுவில் ஒன்று: இந்தக் கூட்டுத்தொகைக்கு ஆரம்ப மதிப்பு கொடுக்காமலே கூட்டுகிறாய்.

போய்ப் பார்த்தேன். அடப் பாவி! ஒரு ஊரின் ஆடுகளைக் கூட்ட ஆரம்பிக்கும் முன்னால் கூட்டுத்தொகையைச் சைபர் ஆக்க வேண்டும். அந்த ஒரு வரி இல்லை. எழுதியவர் காலத்தில் கம்பைலரே சைபர் வைத்துக் கொடுத்திருக்கும், அவரும் அதை நம்பி விட்டுவிட்டார். இந்தக் காலத்துக் கம்பைலர் அப்படி எந்த உபகாரமும் செய்யாது. நினைவகத்தில் அந்த இடத்தில் முன்னால் யார் விட்டுப்போன குப்பை கிடக்கிறதோ, அதோடு சேர்த்து ஆடுகளைக் கூட்டிவிடும். நான் பார்க்கச் சேர்த்த அந்த வரி, குப்பை இருந்த இடத்தை மாற்றிவிட்டிருக்கிறது. அதனால்தான் அப்போது மட்டும் யோக்கியம்.

"அப்ப, கொக்கியில யாரோ பையத் தொங்க விட்டுட்டுப் போயிருக்காங்க. நான் அதப் பாக்காம ஆட்டையும் சேத்துத் தூக்கிட்டேன். அப்படித்தானக்கா?"

"அப்படித்தான்."

சைபர் வைத்தேன். கம்பைல் செய்து, மூடி, திறந்து, ஓட்டினேன். அவள் லேப்டாப்பில் ஒரு விடை. என்னுடையதில் அதே விடை. எத்தனை தடவை ஓட்டினாலும் அசையவில்லை. ஆனால் அது அவள் எழுதிக் கொடுத்த விடை இல்லை. கருவேலங்காயால் எடை கூடுகிறது, ஆனால் அவள் எழுதியதில் பாதிகூட இல்லை. பேரையூர்ப் பக்கத்து ஊர்களில் எடை கூடவே இல்லை.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு சுமந்திருக்கிறாள் அந்தத் தராசை! "நல்லாத்தான் தின்னுச்சுங்கக்கா அந்த ஆடுக" என்றாள் மெதுவாக. அப்புறம், "சரி. இதுதான்னா இதுதான்" என்று லேப்டாப்பைத் துண்டில் சுற்றினாள்.

நான் விடவில்லை. எனக்குள் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. எங்கள் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஆடிய கணக்கு, அவள் கைடிடம் மட்டும் எப்படி ஆடாமல் நின்றது? அவர் விடை இந்தத் திருத்திய விடையும் இல்லை. அது மூன்றாவது. ஒரே மாதிரி திரும்பத் திரும்பச் சொல்கிறவர்களைத்தான் நான் அதிகமாகச் சந்தேகப்படுவேன். அவர் கொடுத்த விடைத்தாளை வாங்கி, ஊர் ஊராக எங்கள் விடையோடு ஒட்டிப் பார்த்தேன். முதல் ஊர், புள்ளிக்குப் பின்னால் இருக்கிற எண் உட்பட, அச்சு அசலாக ஒத்துப்போனது. இரண்டாவது ஊரில் இருந்து எல்லாம் விலகியது. ஒரு வயித்தெரிச்சல் என்னவென்றால், எனக்கு அப்போதே பாதி புரிந்துவிட்டது, ஆனால் அவர் கம்ப்யூட்டரைப் பார்க்காமல் நிரூபிக்க முடியாது.

திங்கள்கிழமை காலை என் ஸ்கூட்டரில் இரண்டு பேரும் போனோம். சார் மரியாதையாகத்தான் வரவேற்றார். நரைத்த தலை, மடிப்புக் கலையாத சட்டை. அறை முழுக்க அவரிடம் படித்துப் பட்டம் வாங்கியவர்களின் தீசிஸ்கள், கண்ணாடி அலமாரியில் வரிசையாக. மூலையில் பூத்துண்டைப் பாதி போர்த்திய ஒரு பழைய கம்ப்யூட்டர், மானிட்டர் நெற்றியில் ஆயுத பூஜைச் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தது. கதவைத் தாண்டினால் டீ குடிக்கிற ஹால்.

"மேடம், நீங்க எதுக்கு வெயில்ல அலையுறீங்க? பிள்ளைங்க அவசரப்பட்டுத் தப்புப் பண்ணும். நாம கண்டிச்சு விடுறதுதான்" என்றார்.

"உங்க மெஷின்ல ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க சார். பாத்துட்டுப் போயிருதேன்."

அவர் துண்டை எடுத்து மடித்து வைத்தார். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை அணைத்தார். கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி போட்டார். நான் கேட்டேன், எதற்கு அணைக்கிறீர்கள் என்று.

"கணக்குக்கு உக்காருறதுக்கு முன்னாடி எப்பவும் அணைச்சுட்டுப் போடுவேன் மேடம். பழசு எல்லாம் போயிரும், சுத்தமாத் தொடங்கலாம். என்கிட்டப் படிச்ச எல்லாரையும் அப்படித்தான் பழக்கியிருக்கேன். இவதான் லேப்டாப்ப வச்சுக்கிட்டு வீட்டுல உக்காந்து இஷ்டத்துக்கு ஓட்டியிருக்கா."

அவள் வாயைத் திறக்கப் போனாள். நான் கையைப் பிடித்து அழுத்தினேன்.

கணக்கு ஓடியது. அதே பழைய விடை. "பாத்தீங்களா?" என்று என் பக்கம் திரும்பினார். "எப்ப ஓட்டினாலும் இதான்."

"சார், அணைக்காம இன்னொரு தடவ ஓட்டுங்க."

"அப்படி ஓட்டுற பழக்கம் இல்ல."

"எனக்காக."

அவர் முகத்தில் லேசாக ஒரு சந்தேகம் வந்து போனது. முதல் முறையாக எனக்கு அவரைப் பிடித்தது. விசையைத் தட்டினார். விடை வந்தது. முதல் ஊரே மாறியிருந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "எங்கயோ கை பட்டிருக்கும்" என்றார். என் கையைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். அவரே மறுபடி தட்டினார். இன்னொரு விடை வந்தது. அடுத்த தடவை இன்னொன்று. அதற்கு மேல் அவர் தட்டவில்லை.

அப்புறம் நான் விளக்கினேன். அந்தப் பழைய மெஷினில் இருந்தது பழைய கம்பைலர் அரைத்த பேக்கேஜ். அது கூட்டுத்தொகைக்கு ஒரே ஒரு இடத்தை ஒதுக்கி, தொடங்கும்போது சைபர் வைக்கும். அதனால் முதல் ஊர் சரி. ஆனால் யாரும் திரும்பச் சைபர் ஆக்காததால் முதல் ஊரின் மிச்சம் இரண்டாவது ஊரில் ஏறிக்கொள்ளும், அது மூன்றாவதில் ஏறும். முந்தின ஆட்டை இறக்காமலே அடுத்த ஆட்டைத் தொங்கவிட்ட கதை. ஒவ்வொரு தடவையும் அவர் அணைத்துப் போட்டதால் தப்பும் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வந்தது. இப்போது அணைக்காமல் ஓட்டியதும் கடைசி ஊரின் மிச்சம் முதல் ஊரிலேயே ஏறிவிட்டது. தப்பு ஒரே மாதிரி வந்தால் சரி மாதிரித் தெரியும், அவ்வளவுதான்.

அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். ஒரே ஒரு தடவை கண்ணாடி அலமாரிப் பக்கம் பார்வை போனது. அதில் எத்தனை தீசிஸ் இந்த மெஷினில் பிறந்ததோ! அவர் அதையெல்லாம் திறந்து பார்ப்பாரா? மாட்டார் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன், இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அது நான் வந்த வேலை இல்லை.

"சரிம்மா" என்றார் அவளைப் பார்த்து, குரல் இறங்கியிருந்தது. "மேடம் சொல்ற மாதிரி திருத்தி எழுதிக் கொண்டா. கையெழுத்துப் போட்டுத் தந்துருதேன். ரத்து அது இதுன்னு எதுவும் எழுதல. மெஷின் கோளாறுக்கு யார் என்ன பண்றது?"

நான் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவள் நகரவில்லை. வந்ததில் இருந்து அவள் உட்காரவே இல்லை என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

"மெஷின் என்னயத் திருடின்னு சொல்லல சார்."

அடிப்பாவி, கையெழுத்துப் போடுகிறேன் என்கிற மனுசனைச் சீண்டுகிறாளே என்று பதறினேன்.

"கோவத்துல ஏதோ சொல்லியிருப்பேன்" என்றார். "மனசுல வச்சுக்காத."

"எல்லாரும் இருக்கும்போது சொன்னீங்க சார். அங்க வந்து சொல்லுங்க."

அவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் இவள் பக்கம்தான் என்று முகத்தை வைத்துக்கொண்டேன். அவர் எழுந்து வேட்டியை, இல்லை, பேண்டைத்தான், வேட்டி மாதிரி ஒரு இழுப்பு இழுத்துச் சரிசெய்துகொண்டு, கதவைத் திறந்து ஹாலுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். டீ நேரம். மற்ற வாத்தியார்களும் மாணவர்களும் டம்ளரும் கையுமாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் தொண்டையைச் செருமினார். "இந்தப் பிள்ளையோட கணக்குல தப்பு ஒண்ணும் இல்ல" என்றார்.

"கணக்குல தப்பு இருந்துச்சு சார்" என்றாள் அவள். "நான் பண்ணலன்னு சொல்லுங்க."

யாரோ டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"இவ பண்ணல" என்றார் அவர்.

அவள் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.